அமெரிக்காவில் பிறந்தால் அமெரிக்கர்: ஒரு வாக்கியம் வந்த வழி

கேள்வி இது: "என் தம்பியும் அவன் மனைவியும் டெக்சாஸில் எச்-1பி விசாவில் இருக்கிறார்கள். குழந்தை பிறக்கப்போகிறது. அங்கே பிறந்தாலே அமெரிக்கக் குடியுரிமை என்கிறார்களே, அது அரசாங்கம் தரும் சலுகையா, உரிமையா? ஒரு அதிபர் நினைத்தால் எடுத்துவிட முடியுமா? அமெரிக்கர் என்றால் உண்மையில் யார்?"

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அது உரிமை. 1868-இல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த 14-வது திருத்தத்தின் முதல் வாக்கியம் அதைத் தருகிறது. சாசனத்தில் இருக்கும் வாக்கியத்தை அதிபரின் கையெழுத்து அழிக்க முடியாது. ஆனால் அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று வழக்காட முடியும். 2025-இல் எழுந்தது அந்த வழக்குத்தான்.

மூன்றாவது கேள்விக்கு இப்படி இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. அமெரிக்கர் யார் என்பதை அந்த நாட்டைத் தொடங்கியவர்கள் தீர்மானிக்காமலே விட்டுவிட்டார்கள். பின்னால் தீர்மானித்தது பெரும்பாலும் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் போட்ட வழக்குகள். அதில் ஒருவர் எழுதப் படிக்கத் தெரியாத அடிமை, இன்னொருவர் சமையல்காரர். அவர்கள் கதையைச் சொல்லாமல் உங்கள் தம்பி குழந்தையின் விஷயத்தைச் சொல்ல முடியாது.

1787-இல் பிலடெல்பியாவில் எழுதிய சாசனம் "மக்களாகிய நாம்" என்று தொடங்குகிறது. அந்த மக்கள் யார் என்று எங்கேயும் சொல்லவில்லை. குடிமகன் என்ற சொல் பல இடங்களில் வருகிறது. பிரதிநிதிகள் சபைக்கு வர 7 வருடம் குடிமகனாக இருந்திருக்க வேண்டும், செனட்டுக்கு 9 வருடம், அதிபராக வேண்டுமானால் பிறப்பாலேயே குடிமகனாக இருக்க வேண்டும் என்று கணக்கெல்லாம் உண்டு. யார் குடிமகன் என்பதற்கு மட்டும் விளக்கம் கிடையாது. இது மறதி என்று எனக்குத் தோன்றவில்லை. அடிமைகளை வைத்திருந்த மாநிலங்களும் அந்த முறையைக் கைவிடத் தொடங்கியிருந்த மாநிலங்களும் ஒரே அறையில் உட்கார்ந்து எழுதிய சாசனம் அது. "அடிமை" என்ற சொல்லைக்கூட எழுதாமல் "மற்ற நபர்கள்" என்று எழுதி, பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட அவர்களை ஐந்தில் மூன்று பங்காக எண்ணிக்கொண்டார்கள். யார் குடிமகன் என்று அந்த அறையில் யாராவது கேட்டிருந்தால் கூட்டமே கலைந்திருக்கும்.

ஆக, நாட்டுக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உருவாயின. ஒன்று பிறப்பு. ஆங்கிலேயச் சட்ட மரபில் அரசனின் மண்ணில் பிறந்தவன் அரசனின் குடி. 1608-இல் இங்கிலாந்தில் வந்த கால்வின் வழக்கின் தீர்ப்பு அது. அமெரிக்கர்கள் அரசனைத் துரத்திவிட்டு அந்த மரபை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இன்னொன்று மனு வாசல்: வெளிநாட்டில் பிறந்தவர் விண்ணப்பித்துக் குடிமகன் ஆவது. இந்த வாசலுக்கு 1790-இலேயே காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், சட்டம் போட்டது. "சுதந்திரமான வெள்ளையர்" மட்டும் விண்ணப்பிக்கலாம். இந்த இரண்டு வாசல்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாச் சண்டையும் இவற்றைச் சுற்றித்தான்.

பிறப்பு வாசல் எல்லாருக்கும் திறந்திருந்ததா என்றால் இல்லை. அங்கேதான் ட்ரெட் ஸ்காட் வருகிறார். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். எமர்சன் என்ற ராணுவ மருத்துவர் அவரை விலைக்கு வாங்கி, அடிமைமுறை இல்லாத இல்லினாய் மாநிலத்துக்கும், பிறகு இன்றைய மினசோட்டாவில் இருக்கும் ஸ்னெல்லிங் கோட்டைக்கும் கூட்டிப்போனார். அங்கே ஸ்காட் ஹேரியட் என்ற பெண்ணை மணந்தார். இரண்டு மகள்கள். மிசூரிக்குத் திரும்பிய பிறகு, 1846 ஏப்ரலில் செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தில் கணவனும் மனைவியும் தனித்தனியாக மனு போட்டார்கள்: அடிமைமுறை இல்லாத மண்ணில் வாழ்ந்தோம், ஆகவே நாங்கள் சுதந்திரமானவர்கள். மனுவில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஸ்காட் போட்டது ஒரு பெருக்கல் குறி.

1850-இல் செயின்ட் லூயிஸ் ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1852-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. கடைசியில் வாஷிங்டன் போனார்கள். 1857 மார்ச் 6 அன்று தலைமை நீதிபதி ரோஜர் டேனி தீர்ப்பை வாசித்தார். ஸ்காட் தோற்றார் என்பதோடு அது நிற்கவில்லை. ஆப்பிரிக்க வம்சாவளியினர் அடிமையாக இருந்தாலும் சுதந்திரமாக இருந்தாலும் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது, சாசனத்தை எழுதியவர்கள் காலத்தில் வெள்ளையர் மதிக்க வேண்டிய எந்த உரிமையும் அவர்களுக்கு இருக்கவில்லை என்று எழுதினார். ஏழு நீதிபதிகள் அந்தப் பக்கம், இரண்டு பேர் எதிர்ப் பக்கம். எதிர்த்து எழுதிய பெஞ்சமின் கர்டிஸ் ஒரு எளிய உண்மையை எடுத்து வைத்தார். சாசனம் ஏற்கப்பட்ட காலத்தில் ஐந்து மாநிலங்களில் சுதந்திரமான கறுப்பின ஆண்கள் ஓட்டுப் போட்டார்கள். சாசனத்தை ஏற்றுக்கொண்ட மக்களிலேயே அவர்கள் இருந்தார்கள் என்றால், அவர்கள் குடிமக்கள் இல்லை என்று எப்படிச் சொல்வது? அதே வருடம் கர்டிஸ் பதவியை விட்டு விலகினார்.

ஸ்காட் குடும்பத்தை அவருடைய முதல் எஜமானரின் மகன் 1857 மே மாதம் தன் பெயருக்கு மாற்றிப் பெற்று விடுதலை செய்தார். செயின்ட் லூயிஸில் ஒரு ஹோட்டலில் சுமை தூக்கி வாழ்ந்த ஸ்காட் அடுத்த வருடமே காசநோயில் இறந்துபோனார். குடிமகன் ஆகவே முடியாது என்று அவரிடம் சொன்ன தீர்ப்பைக் கிழித்தெறிய உள்நாட்டுப் போர் ஒன்று தேவைப்பட்டது.

போர் 1865-இல் முடிந்தது. அடிமைமுறையை 13-வது திருத்தம் ஒழித்தது. சரி, விடுதலை ஆனவர்கள் இனி யார்? குடிமக்களா, வெறும் குடியிருப்பவர்களா? டேனியின் தீர்ப்பு இன்னும் புத்தகத்தில் இருந்தது. வருங்காலத்தில் எந்தக் காங்கிரஸும் எந்த நீதிமன்றமும் மாற்ற முடியாதபடி சாசனத்திலேயே எழுதிவிட முடிவு செய்தார்கள். அப்படி வந்த வாக்கியம் இது: அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிறந்த அல்லது குடியுரிமை பெற்ற, அதன் அதிகார வரம்புக்கு உட்பட்ட எல்லா நபர்களும் அமெரிக்காவின் குடிமக்கள், தாங்கள் வசிக்கும் மாநிலத்தின் குடிமக்களும் ஆவர்.

"எல்லா நபர்களும்." நிறம் இல்லை, மொழி இல்லை, பெற்றோர் யார் என்ற பேச்சே இல்லை. இந்த இரண்டு சொற்களை நான் மிகவும் மதிக்கிறேன். 1866-இல் அதை எழுதியவர்களுக்கு "கறுப்பினத்தவர்களும் குடிமக்கள்" என்று மட்டும் எழுதுவது எளிதாக இருந்திருக்கும்.

அது தெரியாமல் எழுதியதும் இல்லை. 1866 மே 30 அன்று செனட்டில் நடந்த விவாதத்தைப் படித்துப் பார்த்தால் இன்றைய டிவி விவாதம் மாதிரியே இருக்கும். பென்சில்வேனியாவின் எட்கர் கோவன் எழுந்து, கலிபோர்னியாவில் சீனருக்குப் பிறக்கும் குழந்தையும் குடிமகனா, பென்சில்வேனியாவில் ஜிப்சிக்குப் பிறக்கும் குழந்தையும் குடிமகனா என்று கேட்டார். கலிபோர்னியாவின் ஜான் கானஸ் பதில் சொன்னார்: ஆமாம், சீனப் பெற்றோரின் குழந்தைகளும் குடிமக்கள்தான், அதைச் சாசனத்தில் எழுத நான் ஆதரவு தருகிறேன். கானஸ் அயர்லாந்தில் பிறந்து சிறுவயதில் வந்தவர். சீனர்கள் மீது வெறுப்பு மண்டியிருந்த மாநிலத்தின் பிரதிநிதி அவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்த வாக்கியத்தில் தொந்தரவு கொடுக்கும் பகுதி "அதிகார வரம்புக்கு உட்பட்ட" என்பது. யாரை விலக்க அது? வாக்கியத்தை முன்மொழிந்த மிச்சிகனின் ஜேக்கப் ஹோவர்ட், தூதர்களின் குடும்பத்தைச் சேர்ந்த அந்நியர்களை, வெளிநாட்டவர்களை இது சேர்க்காது என்றார். அவர் பேச்சில் காற்புள்ளி விழுந்த இடத்தை வைத்து இன்றுவரை சண்டை. ஒரு தரப்பு "தூதர் குடும்ப அந்நியர்கள்" என்று ஒரே பிரிவாகப் படிக்கிறது. மற்றொரு தரப்பு "அந்நியர்கள், வெளிநாட்டவர்கள், தூதர் குடும்பங்கள்" என்று மூன்று பிரிவாகப் படிக்கிறது. அதே நாளில் கோவனும் கானஸும் பேசியதைச் சேர்த்துப் படித்தால் இரண்டாவது வாசிப்பு நிற்காது என்பது என் கருத்து. அந்நியரின் குழந்தை எல்லாம் வெளியே என்றால் கோவன் எதற்காக அப்படிப் பதறினார்?

இன்னொரு விலக்கு பூர்வகுடிப் பழங்குடியினருக்கு. அவர்கள் தங்கள் குலத்துக்குக் கட்டுப்பட்டவர்கள், அமெரிக்க அரசின் முழு அதிகாரத்துக்குள் வராதவர்கள் என்று வாதம். நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் ஜான் எல்க் என்பவர் தன் குலத்தை விட்டு விலகி வந்து, ஊரில் குடியேறி, ஓட்டுப் பதியப் போனார். பதிய மறுத்தார்கள். 1884-இல் உச்ச நீதிமன்றமும் நீ குடிமகன் இல்லை என்றது. அந்த மண்ணில் அவர் முன்னோரைவிடப் பழையவர்கள் யாரும் இல்லை. பூர்வகுடிகள் எல்லாருக்கும் குடியுரிமை தரும் சட்டம் வர 1924 ஜூன் வரை ஆனது. அதற்குப் பிறகும் அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் அவர்கள் ஓட்டுப் போட 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி வோங் கிம் ஆர்க். உங்கள் தம்பி குழந்தையின் குடியுரிமைக்கு உண்மையான வேர் இவர் வழக்கில்தான் இருக்கிறது.

1873 வாக்கில் சான்பிரான்சிஸ்கோ சைனா டவுனில், சாக்ரமென்டோ தெருவில், சிறு வியாபாரம் செய்த சீனத் தம்பதிக்குப் பிறந்தவர். பெற்றோர் அமெரிக்கக் குடிமக்கள் இல்லை, ஆகவும் முடியாது. மனு வாசல் 1870-இல் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குத் திறந்தது. அப்போது மாசசூசெட்ஸ் செனட்டர் சார்ல்ஸ் சம்னர் "வெள்ளையர்" என்ற சொல்லையே எடுத்துவிடலாம் என்று மன்றாடியும் ஆசியருக்குத் திறக்கவில்லை. 1882-இல் சீனர் விலக்குச் சட்டம் வந்தது. சீனத் தொழிலாளிகள் நாட்டுக்குள் நுழையவே தடை.

வோங் சமையல்காரராக வேலை பார்த்தார். 1894 நவம்பரில் சீனாவுக்குப் போகும் முன் திரும்பி வர வசதியாக ஒரு சாட்சிப் பத்திரம் தயார் செய்துகொண்டார். அந்தத் தாள் இன்னும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என்னால் சட்டென்று தாண்டிப் போக முடிவதில்லை. இருபத்தொரு வயது இளைஞரின் புகைப்படம் ஒட்டியிருக்கிறது. இவரை எங்களுக்கு நன்றாகத் தெரியும், சான்பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தவர் என்று வெள்ளையர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். தான் பிறந்த ஊருக்குத் திரும்ப, தான் அங்கே பிறந்ததற்கு வேறு நிறத்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். தாய் சொன்னால் செல்லாது.

அந்தத் தாளும் போதவில்லை. 1895 ஆகஸ்டில் காப்டிக் என்ற நீராவிக் கப்பலில் திரும்பியபோது, சுங்க அதிகாரி அவரை இறங்க விடவில்லை. பிறந்தது இங்கேதான் என்பதை அரசுத் தரப்பு மறுக்கக்கூட இல்லை. அதுதான் இந்த வழக்கின் முக்கியமான இடம். இங்கே பிறந்தாலும் நீ சீனன். உன் பெற்றோர் சீனப் பேரரசரின் பிரஜைகள். ஆகவே நீயும் அப்படியே என்றார்கள். சைனா டவுனின் ஆறு சங்கங்கள் என்று பெயர் பெற்ற அமைப்பு வக்கீல் வைத்தது. வோங் மாதக்கணக்கில் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் காவலில் கிடந்தார். அவர் பிறந்த தெரு சில மைல் தூரத்தில்.

உள்ளூர் மத்திய நீதிமன்றம் 1896 ஜனவரியில் அவர் பக்கம் சொன்னது. அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடிய ஹோம்ஸ் கான்ராட், உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் படையில் நின்று சண்டை போட்டவர். போரில் தோற்ற தரப்பின் வீரர், அந்தப் போர் பெற்றுத்தந்த திருத்தத்தைச் சுருக்கிப் படிக்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார்.

1898 மார்ச் 28 அன்று தீர்ப்பு. ஆறு பேர் வோங் பக்கம், இரண்டு பேர் எதிராக. ஹோரஸ் கிரே எழுதிய நீளமான தீர்ப்பு கால்வின் வழக்கிலிருந்து தொடங்கி வருகிறது. இந்த மண்ணில் பிறந்தவர் குடிமகன். விலக்கு வெளிநாட்டுத் தூதரின் குழந்தை, படையெடுத்து நாட்டைப் பிடித்திருக்கும் எதிரியின் குழந்தை, வெளிநாட்டு அரசுக் கப்பலில் பிறந்த குழந்தை, குலத்துக்குக் கட்டுப்பட்ட பூர்வகுடியின் குழந்தை. அவ்வளவுதான். பிறகு அவர் வைத்த வாதம் இன்றும் அசைக்க முடியாதது. சீனரின் குழந்தை குடிமகன் இல்லை என்றால், எப்போதும் குடிமக்களாகவே நடத்தப்பட்டு வந்த ஆயிரக்கணக்கான ஆங்கிலேய, ஸ்காட்லாந்து, ஐரிஷ், ஜெர்மானிய வம்சத்துப் பிள்ளைகளின் குடியுரிமையும் போய்விடும். அதாவது, உன்னை உள்ளே விட்ட கதவும் அதே கதவுதான் என்று வெள்ளை அமெரிக்காவுக்குச் சொன்னார்.

எதிராக எழுதியவர் தலைமை நீதிபதி ஃபுல்லர். அவரோடு சேர்ந்தவர் ஜான் மார்ஷல் ஹார்லன். இந்த இடம் என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. இரண்டே வருடம் முன்பு, ரயிலில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பெட்டி சரிதான் என்று மற்ற எல்லாரும் சொன்னபோது, நம் சாசனத்துக்கு நிறம் தெரியாது என்று தனியாளாக எதிர்த்தவர் ஹார்லன். அந்த ரயில் வழக்கில் பெரும்பான்மையோடு நின்றவர் கிரே. ஜான் எல்க்கைக் குடிமகன் இல்லை என்று எழுதியவரும் இதே கிரேதான். அமெரிக்க வரலாற்றில் நல்லவர், கெட்டவர் என்று இரண்டு பட்டியல் போட உட்கார்ந்தால் இப்படித்தான் கை நின்றுவிடுகிறது.

வென்ற பிறகு வோங் நிம்மதியாக இருந்தாரா? 1901-இல் டெக்சாஸின் எல் பாசோவில், சட்டவிரோதமாக இருக்கும் சீனர் என்று அவரைப் பிடித்தார்கள். தன் பெயரிலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கும் மனிதர் 300 டாலர் ஜாமீன் கட்டி வெளியே வந்து, வழக்கு தள்ளுபடி ஆகும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தார். 1910-இல் சீனாவிலிருந்து மூத்த மகன் வந்தபோது, தகப்பனிடமும் மகனிடமும் தனித்தனியாகக் கேள்வி கேட்டு, பதில்கள் பொருந்தவில்லை என்று மகனைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கால விசாரணைகளில் ஊரில் வீட்டு வரிசை எப்படி, கிணறு எங்கே, வாசலில் எத்தனை படி என்றெல்லாம் கேட்பார்கள். மற்ற மகன்கள் பின்னால் உள்ளே வந்தார்கள். கடைசி மகன் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கு அழைக்கப்பட்டார். வோங் 1931-இல் சீனாவுக்குப் போனார், அதன் பிறகு திரும்பவில்லை.

பிறப்பு வாசல் இப்படித் திறந்தது. மனு வாசல் என்ன ஆயிற்று என்பதற்கு இந்தியர் ஒருவரின் வழக்கே சாட்சி. அமிர்தசரஸ் பக்கத்துச் சீக்கியரான பகத் சிங் திண்ட் 1913-இல் அமெரிக்கா வந்து, ஓரிகனில் மரம் அறுக்கும் ஆலைகளில் வேலை செய்து, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். குடியுரிமை கிடைத்தது, பறித்தார்கள். மறுபடி கிடைத்தது, அரசு மேல்முறையீடு செய்தது. அவர் தரப்பு வாதம் இது: நான் உயர்சாதி இந்து, ஆரியன், காக்கேசிய இனத்தவன், ஆகவே வெள்ளையன். அதோடு, ஓர் உயர்சாதி இந்து அங்குள்ள பழங்குடிகளைப் பார்க்கும் விதம், அமெரிக்கர் கறுப்பினத்தவரைப் பார்க்கும் விதம் போன்றது என்றுகூட மனுவில் எழுதியிருந்தார்கள். இது தமிழ் வாசகர்களை எந்த இடத்தில் உறுத்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நிறத்தால் போட்ட கோடே வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. கோட்டுக்கு உள்பக்கம் எனக்கு இடம் கொடு என்று கேட்டார்.

1923 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. அறிவியல் என்ன சொன்னாலும் சரி, சாதாரண மனிதன் பேச்சு வழக்கில் யாரை வெள்ளையன் என்கிறானோ அவன்தான் வெள்ளையன். எழுதியவர் ஜார்ஜ் சதர்லேண்ட். சில மாதங்கள் முன்பு ஜப்பானியரான தகாவோ ஓசாவாவின் மனுவை, நீ காக்கேசிய இனம் இல்லை என்று தள்ளியவரும் அவரே. சதர்லேண்ட் இங்கிலாந்தில் பிறந்து குழந்தையாக இருக்கும்போது வந்தவர். திண்டின் தோல்விக்குப் பிறகு, ஏற்கெனவே குடிமக்களாகிவிட்ட பல இந்தியர்களின் குடியுரிமையையும் அரசு திரும்பப் பறித்தது. சான்பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் குடியுரிமையும் இழந்து, நிலச் சட்டத்தால் சொத்தும் இழந்து, 1928-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தங்கக் கூண்டில் வாழ்வது வாழ்வா என்று செய்தித்தாளுக்கு ஒரு கடிதம் விட்டுப்போனார்.

இந்தியர்களுக்கு மனு வாசல் 1946-இல் திறந்தது. எல்லா இனத்தவருக்கும் 1952-இல். அதுவரை, ஆசியக் குடும்பங்களில் அப்பா அம்மா சாகும்வரை அந்நியர்கள், மடியில் இருக்கும் பிள்ளை பிறப்பால் அமெரிக்கர். கலிபோர்னியாவில் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் நிலம் வாங்கத் தடை இருந்ததால், ஜப்பானிய விவசாயிகள் பிள்ளை பெயரில் நிலம் வாங்கினார்கள். 1965-இல் நாட்டுவாரி ஒதுக்கீடு நீங்கிய பிறகு நம்மவர்கள் பெருமளவில் வரத் தொடங்கியது உங்களுக்குத் தெரிந்த கதை. அதற்கு முன்பே, 1958-இல், ஷ்யாமளா கோபாலன் பெர்க்லிக்குப் படிக்கப் போனார். அவரும் ஜமைக்காவிலிருந்து படிக்க வந்தவரும் மணந்து 1964-இல் ஓக்லாந்தில் பிறந்த குழந்தைதான் பின்னாளில் துணை அதிபரான கமலா ஹாரிஸ். அவர் போட்டியிட்ட 2020-இல்கூட, பெற்றோர் நிலையைச் சொல்லித் தகுதியைக் கேள்வி கேட்டவர்கள் உண்டு. அதற்குப் பதில் 1898 மார்ச்சில் வந்துவிட்டது.

சரி, இன்றைய விஷயம். 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே அதிபர் டிரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். தாய் சட்டபூர்வமாக இல்லாமலோ, அல்லது சட்டபூர்வமாக ஆனால் தற்காலிகமாகவோ இருந்து, தகப்பனும் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இல்லாவிட்டால், உத்தரவு வந்து 30 நாளுக்குப் பிறகு பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை ஆவணம் தரக்கூடாது. எச்-1பி, அவர்கள் குடும்பத்துக்குத் தரும் எச்-4, மாணவர் விசா எல்லாம் அந்த "தற்காலிக"த்தில் வருகிறது. மூன்றே நாளில் சியாட்டில் நீதிபதி ஜான் கோகனார், இது அப்பட்டமாகச் சாசனத்துக்கு விரோதமானது என்று தடுத்தார். அவரை நியமித்தவர் குடியரசுக் கட்சி அதிபர் ரீகன். 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம், கீழ் நீதிமன்றங்கள் நாடு முழுமைக்கும் தடை போடும் அதிகாரத்தைச் சுருக்கியது. உத்தரவு சரியா தவறா என்று அப்போது சொல்லவில்லை. டிசம்பரில் அந்த மூலக் கேள்வியையே விசாரிக்க எடுத்துக்கொண்டது.

அரசின் வாதத்தை நேர்மையாகச் சொல்கிறேன். "அதிகார வரம்புக்கு உட்பட்ட" என்றால் முழு அரசியல் விசுவாசம் என்று பொருள். வோங்கின் பெற்றோர் அங்கேயே குடியிருந்தவர்கள், தற்காலிகமாக வந்தவர்கள் வேறு. கிரேயின் தீர்ப்பில் நிரந்தரக் குடியிருப்பு பற்றிய சொற்கள் வருவதும் உண்மை. ஆனால் தீர்ப்பின் காரணங்களைப் படித்தால், அந்தச் சொற்களின் மேல் எடை வைத்து அது எழுதப்படவில்லை என்று தெரியும். எனக்கு இன்னொரு உதாரணம் முக்கியமாகப் படுகிறது. அடிமைகளை இறக்குமதி செய்வது 1808-இலிருந்தே சட்டவிரோதம். 1860-இல் கிளோடில்டா என்ற கப்பல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைத் திருட்டுத்தனமாக அலபாமாவின் மொபைல் பக்கம் இறக்கியது. சட்டத்தை மீறி நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். 14-வது திருத்தம் வந்தபோது அவர்கள் பிள்ளைகளிடம் உன் பெற்றோர் எந்தச் சட்டப்படி வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. யாருக்காக அந்த வாக்கியம் எழுதப்பட்டதோ அவர்களிலேயே இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள்.

வாக்கியத்தையே மாற்ற வேண்டுமானால் வழி இருக்கிறது: காங்கிரஸின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, அப்புறம் 50 மாநிலங்களில் 38 மாநிலங்களின் ஒப்புதல். இதுவரை 27 திருத்தங்கள்தான் அப்படித் தேறியிருக்கின்றன. அதிபருக்கு அதில் எந்த வேலையும் இல்லை.

பல நாடுகள் இப்படிக் கொடுப்பதில்லையே என்று கேட்பார்கள். உண்மை. இந்தியாவே 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியர் என்ற நிபந்தனை வைத்தது, பின்னால் அதை இன்னும் இறுக்கியது. பிரிட்டன் 1983-இல் நிறுத்தியது. ஒவ்வொரு நாடும் தன் வரலாற்றைப் பார்த்து முடிவெடுக்கலாம். ஆனால் பிறப்பு வாசலை மூடினால் என்ன நடக்கும் என்பதை நாம் வேறு யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1948-இல் இலங்கை குடியுரிமையைப் பரம்பரையோடு கட்டியபோது, தேயிலைத் தோட்டத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்த மலையகத் தமிழர்களிடம் தகப்பனோ, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டார்கள். லயத்து அறையில் பிறந்தவர்களுக்கு ஏது சான்று? லட்சக்கணக்கானோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் ஆனார்கள். 1964-இல் இந்தியா, இலங்கை இரண்டின் பிரதமர்களும் உட்கார்ந்து, இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று அவர்களைப் பிரித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு அந்த நிலை வராமல் காத்தது அந்த ஒரு வாக்கியம்.

உங்கள் தம்பிக்குச் சொல்ல நடைமுறை விஷயம் இரண்டு இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் தருவது மாநிலமும் உள்ளூர் அலுவலகமும். அதில் பெற்றோரின் விசா விவரம் இருக்காது. பிரச்சினை வந்தால் பாஸ்போர்ட்டிலும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணிலும்தான் வரும். ஆகவே சான்றளித்த பிரதிகள் இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொண்டு, குழந்தை பிறந்த தேதியில் இருவர் விசாவும் செல்லும் என்று காட்டும் ஐ-797 (ஒப்புதல் கடிதம்), ஐ-94 (நுழைவுப் பதிவு) தாள்களையும் அதே ஃபைலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, குழந்தை நாடற்றதாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லாத பட்சத்தில், பிறந்த ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்தால் இந்தியக் குடியுரிமைக்கு வழி இருக்கிறது. அமெரிக்கப் பாஸ்போர்ட் வந்துவிட்டால் இந்த வழி கிடையாது, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டைதான். இந்த உத்தரவு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் வாசகத்தை முழுதாகப் பார்க்காமல், வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி எதற்கும் அவசரப்பட வேண்டாம். குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள்.